காதை விடு, விரலைப் பாரு

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் இவரும் சுகம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது, அண்ணிக்கு இருமல் நின்றதா என்று முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

போன வாரம் பல தடவை போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணிதான் எடுத்தார்கள். "அவர் பட்டறையில இருக்கார் பாப்பா, சொல்லிடறேன்" என்றார்கள். பக்கத்திலேயே உங்கள் குரல் கேட்டது. பரவாயில்லை, கடிதமே எழுதுகிறேன். இந்தக் காலத்தில் கையால் கடிதம் எழுதும் ஒரே ஆள் நான்தான் என்று துறையில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். மதில் சுவருக்குள் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, வெளியே இருக்கிற ஜனங்களின் உடம்பையும் பார்க்க வேண்டும் என்று எங்கள் பல்கலைக்கழகம் முடிவு செய்திருக்கிறது. பல் துறை பள்ளிக்கூடங்களுக்குப் போகிறது. கண் துறை தையல் கூடங்களுக்கு. எங்கள் காது-பேச்சுத் துறைக்கு இரைச்சல் மிகுந்த வேலையிடங்கள். நம் பட்டறைத் தெரு தூரம் என்று முதலில் சேர்க்கவில்லை. நான்தான் அடம்பிடித்துச் சேர்த்தேன். இலவசமாகக் காதுச் சோதனை செய்வார்கள். குறை இருந்தால் காது மெஷின் கொடுப்பார்கள், வேலை நேரத்தில் அடைத்துக்கொள்ளக் காதடைப்பான் கொடுப்பார்கள், மாதம் ஒரு முறை வந்து பார்ப்பார்கள். சத்தமில்லாத ஓர் அறை வேண்டும். உங்கள் பின்கட்டுக் கிடங்கு கிடைக்குமா?

என்னால் வர முடியாது, பரீட்சை வேலை. மாணவிகள் இருவரை அனுப்புகிறேன். நீங்களும் உட்கார்ந்து பாருங்கள் அண்ணா. சும்மாதான் சொல்கிறேன்.

உங்கள் தங்கை

&nbsp;

ஜனவரி 19

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. முட்டி இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் கூடவே இருக்கிறது. உன் அண்ணி இருமலை விட்டுவிட்டாள், என்னைத் திட்டுவதை இன்னும் விடவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

போனில் பேசுகிறவன் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று நாளைக்கே மாறுவான். தாளில் எழுதியவன் மாற முடியாது. ஓட்டை டப்பாவுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தவன் இன்று இரும்பு பீரோ செய்து விற்கிறேன் என்றால் இந்தப் பழக்கத்தால்தான்.

கிடங்கு தருகிறேன். ஆனால் பச்சையாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சோதனை முடிவு யார் யார் கண்ணில் படும்? உங்கள் பல்கலைக்கழக விடுதிக்கு பீரோ செய்கிற வேலைக்கு நானும் விலை எழுதிக் கொடுத்திருக்கிறேன், உனக்குத் தெரியும். "செவிட்டுப் பட்டறை" என்று பெயர் விழுந்தால் எந்தப் புண்ணியவான் எனக்கு ஆர்டர் கொடுப்பான்? உனக்குக் காது பிழைப்பு. எனக்குப் பெயர் பிழைப்பு.

மற்றபடி நம் ஆட்களுக்கு ஒரு குறையும் இல்லை. உன் அண்ணியின் தம்பி, நம் மேஸ்திரியையே எடுத்துக்கொள். முன்பெல்லாம் சுத்தியல் சத்தத்தை வைத்தே தகட்டில் எங்கே நெளிவு என்று சொல்வான். இப்போது விரலால் தடவியே சொல்லிவிடுகிறான். அனுபவம் கூடிவிட்டது.

பெண்களை அனுப்பு. சாப்பாடு நம் வீட்டில்.

அண்ணன்

&nbsp;

பிப்ரவரி 11

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். எல்லாரும் சௌக்கியம், உன் பல்கலைக்கழகமே சொல்லிவிட்டது!

உன் மாணவிகள் வந்தார்கள். ஒருத்தி நெட்டை, ஒருத்தி குட்டை, இரண்டும் தங்கமான பிள்ளைகள். அவர்களுக்காகத் தெரு முழுவதும் ஒரு மத்தியானம் சுத்தியலைக் கீழே வைத்தோம். அவ்வளவு அமைதியில் எங்கேயோ குருவி கத்தியதாம், உன் அண்ணி சொன்னாள்.

கிடங்கில் டெலிவரிக்கு ஆள்-உயரக் கண்ணாடி வைத்த பீரோ ஒன்று நின்றது. நகர்த்த நாலு ஆள் வேண்டும். அதன் எதிரிலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பெண்களும் அதில் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள், எனக்குப் பெருமைதான். உட்காருகிறவன் காதில் ஹெட்போன் மாதிரி ஒன்றை மாட்டிவிட்டு, நெட்டைப் பெண் பின்னால் இயந்திரத்தோடு உட்கார்ந்தாள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

மேஸ்திரி முதலில் போய்க் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். விஷயம் புரியவில்லை போல. நான் போய் இரண்டு வார்த்தை சொன்னேன். அப்புறம் பளிச் பளிச்சென்று தூக்கினான். அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படித்தான். நானும் உட்கார்ந்தேன். தெருவே தேறிவிட்டது. ஆளுக்கொரு சீட்டு, பல்கலைக்கழக முத்திரையோடு. மேஸ்திரி சட்டைப் பையை விட்டு அதை எடுப்பதே இல்லை. படிக்காதவனுக்குப் பட்டம் கிடைத்த மாதிரி.

உன் மனசு இப்போது நிம்மதியா?

அண்ணன்

&nbsp;

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே இருவரும் சுகம், வெயில்தான் தாங்கவில்லை. அண்ணிக்கு என் அன்பு.

முடிவுகளைப் பார்த்து எங்கள் துறைத்தலைவருக்கு ஒரே ஆச்சரியம். "இரும்பு அடிக்கிறவங்களுக்குப் பச்சைக் குழந்தை காதா இருக்கே! இவங்க என்ன சாப்பிடறாங்கன்னு கேட்டு எழுதும்மா" என்று கேலி செய்தார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அங்கே மறுபடி போகத் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது. எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. இனி அது உங்கள் தெருவுக்கு வராது, நெல் அரைக்கும் ஆலைகளுக்குப் போகிறது. நான் எதுவும் பேசவில்லை. பேச வேண்டியவள் நான்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன் அண்ணா. உட்கார்ந்தவர்களுக்குக் கண்ணாடியில் என்ன தெரிந்தது?

உங்கள் தங்கை

&nbsp;

ஏப்ரல் 9

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலமில்லை.

மேஸ்திரிக்கு அடிபட்டுவிட்டது. பீரோ ஏற்றுவதற்கு லாரி பின்பக்கமாகத் தெருவுக்குள் வந்தது. அவன் பட்டறை வாசலில் குனிந்து தகடு அளந்துகொண்டிருந்தான். பின்சக்கரம் வலது காலில் ஏறிவிட்டது. உயிருக்குப் பயமில்லை. முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்திருக்கிறார்கள். இனிமேல் நின்றுகொண்டு சுத்தியல் பிடிப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர். உன் அண்ணி ஆஸ்பத்திரியே கதியென்று கிடக்கிறாள்.

"ஹாரன் அடிச்சுக்கிட்டேதாங்க வந்தேன்" என்று டிரைவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தெருவில் எல்லாரையும் கேட்டோம். ஒருத்தன் பாக்கியில்லாமல் "கேக்கல" என்றான். நான் வாசலில்தான் நின்றேன், எனக்கும் கேட்கவில்லை. லாரி முதலாளி, "உங்க ஆளுக்குத்தான் காது மந்தமோ என்னவோ" என்று இழுத்தான். எனக்கு வந்ததே கோபம்! மேஸ்திரி பையிலிருந்த சீட்டை உருவி அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். "பல்கலைக்கழகமே முத்திரை குத்திக் குடுத்திருக்கு, படிய்யா!" என்றேன். படித்தான். வாயை மூடிக்கொண்டான். அன்றைக்கே டிரைவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டான்.

உன் சீட்டு இப்படி ஒரு உபகாரம் செய்யும் என்று நினைக்கவில்லை.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேஸ்திரி எப்படி இருக்கிறார்? அண்ணியை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள். உங்களையும்தான்.

கண்ணாடி பற்றிக் கேட்டிருந்தேன், நீங்கள் பதில் எழுதவில்லை.

லாரி ஹாரன் என்பது ஊரைக் கூட்டுகிற சத்தம். ஒரு தெரு முழுவதும் அது கேட்கவே இல்லை என்கிறது. ஒன்று, அவர் ஹாரன் அடிக்கவில்லை. அல்லது... அந்த "அல்லது"க்கு மேல் எனக்கு எழுத ஓடவில்லை அண்ணா. எங்கள் முத்திரையைக் காட்டி ஓர் ஆளின் பிழைப்பு போயிருக்கிறது. அந்த டிரைவருக்குக் குடும்பம் உண்டா? இப்போது என்ன செய்கிறார்?

உங்கள் தங்கை

&nbsp;

ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

விடுதி ஆர்டர் நமக்கே கிடைத்துவிட்டது. சந்தோஷப்படு. மேஸ்திரி வீட்டுக்கு வந்துவிட்டான். ஸ்டூலில் உட்கார்ந்து பெயின்ட் அடிக்கிறான். நாளெல்லாம் அந்த டிரைவரைத் திட்டுவதுதான் அவனுக்கு மருந்து.

டிரைவரைப் பற்றிக் கேட்டாய், விசாரித்தேன். "ஆள் மேல ஏத்தினவன்" என்று யாரும் அவனுக்கு வண்டி கொடுப்பதில்லையாம். சந்தையில் மூட்டை தூக்குகிறான். பெண்டாட்டி, இரண்டு பெண் பிள்ளைகள். கேட்டாய், சொன்னேன்.

கண்ணாடி பீரோ இன்னும் கிடங்கில்தான் நிற்கிறது. வாங்கவேண்டியவனுக்கு வேறொன்றைக் கொடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் கேட்டு வந்தவர்களிடம் அது விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டேன். சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது என் பிழைப்பில் இதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்காதே.

அண்ணன்

&nbsp;

ஜூன் 14

அன்பு பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கணும். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழையைப் பார்க்காதே. உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளைகள் வந்த அன்றைக்கு நான் கிடங்குக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். என் தம்பி உட்கார்ந்திருந்தான். நெட்டைப் பெண் பின்னால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. இவன் விரல் அசையவே இல்லை. உன் அண்ணன் அவனுக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி போய் நின்றார். சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து, "டேய், காதை விடு, விரலைப் பாரு. அது அமுக்கினா நீ தூக்கு" என்றார். பட்டறைக்காரர்கள் வேலை நேரத்தில் இப்படித்தானே பேசிக்கொள்வார்கள், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு அது புரியாதா? அந்தப் பெண்ணின் கட்டைவிரல் கண்ணாடியில் அப்படியே தெரிந்தது. தம்பி சிரித்துக்கொண்டே தூக்கினான். வாசலில் வரிசையாக நின்றவர்களுக்கும் இவர் அதையே சொல்லி அனுப்பினார். அவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் பாப்பா. அதுதான் இப்போது சுடுகிறது.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஹாரன் எனக்குக் கேட்டது.

நான் மாடியில் சமையல்கட்டில் இருந்தேன். விடாமல் அடித்தான். என்னடா இவன் இப்படிக் காதைக் கிழிக்கிறான் என்று நான்தான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தின கையோடு கீழே அலறல்.

தெருவில் எல்லாரையும் விசாரித்தவர்கள் மாடியில் இருந்த பொம்பளையை விசாரிக்கவில்லை. டிரைவர் பெண்டாட்டி மட்டும் வந்தது. "அக்கா, மேலதானே இருந்தீங்க, உங்களுக்காவது கேட்டுச்சா?" என்று கையைப் பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் புருஷன் மானம், ஒரு பக்கம் தம்பி கால். "மிக்சி ஓடிட்டிருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கரண்டே இல்லை.

நீ படித்தவள். என்ன செய்யணுமோ செய். உன் அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதே. அவர் கிடங்குப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அண்ணி

&nbsp;

ஜூலை 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நாங்கள் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாளில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் உங்களுக்குப் போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் கடைசியாக என்னோடு போனில் பேசியது அன்றைக்குத்தான். "அண்ணா, குழந்தை தங்கலை" என்று அழுதேன். நீங்கள், "அப்படியா, ரொம்ப சந்தோஷம்! இரு, அண்ணிகிட்ட சொல்றேன்" என்றீர்கள். அண்ணி வாங்கிப் பேசினார்கள். நீங்கள் தப்பாகக் கேட்டதை அவர்கள் உங்களிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவேண்டாம் என்றேன்.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரார் காதையெல்லாம் பார்ப்பது என் வேலை. உங்கள் காதைப் பற்றிச் சொன்னால் அந்தச் "சந்தோஷ"த்தையும் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்து மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே காரியம் முடியட்டும் என்றுதான் இரண்டு சின்னப் பெண்களை வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அன்றைக்கே நானே வந்து உங்கள் எதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால் மேஸ்திரி கால் தப்பியிருக்கும்.

துறைத்தலைவரிடம் போய், அந்தச் சோதனை செல்லாது, என் சொந்த அண்ணன் இடம் என்பதால் நான் துருவிக் கேட்கவில்லை, பிசகு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. வண்டி இன்னொரு முறை வருகிறது. ஆகஸ்ட் முதல் வாரம். நானும் வருகிறேன். அதே கிடங்கு வேண்டும். பீரோவை என்ன செய்வது என்று நான் எழுதப்போவதில்லை.

உங்கள் தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 20

அன்புத் தங்கை பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று உன் அண்ணி போனில் கேட்டுச் சொன்னாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்றைக்கு நீ என் முதுகைத்தான் பார்த்தாய். அதனால் இதை எழுதுகிறேன்.

பீரோவைச் சுவர்ப்பக்கம் திருப்பியதுமே வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. முதலில் நான் உட்கார்ந்தேன். எதிரே பீரோவின் முதுகு. அந்தப் பக்கத்துக்கு நாம் பெயின்ட்கூடச் சரியாக அடிப்பதில்லை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று. அதையே பார்த்துக்கொண்டு விரலைத் தயாராக வைத்திருந்தேன். நீ ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன். ரொம்ப நேரமாயிற்றே என்று "ஆரம்பிக்கலாம் பாப்பா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், நீ முடித்து எழுதிக்கொண்டிருந்தாய்.

அந்தப் போனைப் பற்றி. உன் குரல் படபடவென்று வந்தது. நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கடையில் எதிராளி முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிச் சமாளித்துவிடுவேன். போனில் முகம் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதினேன். வியாபாரி பேச்சு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

எனக்கு அடுத்து மேஸ்திரி உட்கார்ந்து எழுந்தானே, அப்போது நீ இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு என் எதிரே வந்து நின்றான். "அப்ப அவன் ஹாரன் அடிச்சிருக்கான். இல்ல மாமா?" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. ஜாடைகூடக் காட்டுவதில்லை.

நீ பஸ் ஏறின மறுநாள் நானும் உன் அண்ணியும் புறப்பட்டோம். வழியில் என்னை நிறுத்தி, வாயசைவு தெரிகிற மாதிரி நிதானமாக, "எனக்குக் கேட்டுச்சு. ஜன்னலைச் சாத்தினேன்" என்றாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நடந்தோம். லாரி முதலாளியிடம் அந்தச் சீட்டு பொய், பண்ணினவன் நான் என்று அவன் ஆட்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்? வேற ஆள் போட்டாச்சே" என்றான்.

டிரைவர் சந்தையில் இருந்தான். தோளில் மூட்டை. என்னைப் பார்த்ததும் அதை இறக்கி வைத்தான். "நீ ஹாரன் அடிச்சே. எங்க தெருவுல யாருக்கும் காது கேக்காது. கேக்குதுன்னு சீட்டு வாங்கிக் குடுத்தது நான்" என்றேன். உன் அண்ணியும் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நம் டெலிவரி வண்டியை ஓட்ட வருகிறாயா என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னான். குனிந்த ஆளின் வாயசைவு எனக்கு எப்படித் தெரியும்?

"கொஞ்சம் சத்தமா சொல்லுப்பா. எனக்குக் காது கேக்காது" என்றேன். இந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நிமிர்ந்து பார்த்தான். "பரவால்லீங்க மொதலாளி!" என்று சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

வண்டிச் சாவி ஆணியில் தொங்குகிறது. அவன் இன்னும் வரவில்லை.

முதலில் குனிந்துகொண்டு சொன்னது வேறு, அப்புறம் கத்திச் சொன்னது வேறு என்கிறாள் உன் அண்ணி. என்ன சொன்னான் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறாள். தினமும் கேட்கிறேன். "காது மெஷின் வந்தப்புறம் நீங்களே போய்க் கேட்டுக்குங்க" என்கிறாள்.

மெஷின் எப்போது வரும் பாப்பா? சீக்கிரம் அனுப்பு என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். கை வரவில்லை. எப்போது என்று மட்டும் எழுது.

அண்ணன்